ஐப்பசியில் சுருட்டிய கம்பளம்

மழைக்காலத்தில் கம்பளத்தைச் சுருட்டக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. பலாங்கொடை மலைப்பக்கம் வீடு வைத்திருக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது. சுருட்டினால் உள்ளே ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். விரித்தபடியே விட்டு, ஜன்னலைச் சாத்தி, மூலையில் கரிச்சட்டி வைத்துச் சூடு காட்ட வேண்டும். சுருட்டி வெளியே தூக்குவதும் பிரம்பால் அடிப்பதும் மாசி, பங்குனி வெயிலில்தான்.

துணி துவைக்க வரும் இருளாயி உங்களிடம் சொன்னது சரி. ஐப்பசி அடைமழையில் நான் கம்பளத்தைச் சுருட்டித்தான் வைத்தேன். ஏன் என்று நேற்றுக் கேட்டீர்கள். இத்தனை வருஷத்தில் அந்தக் கம்பளத்தைப் பற்றி என்னிடம் ஒழுங்காகக் கேள்வி கேட்ட இரண்டாவது ஆள் நீங்கள். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் பெயர் பழனியாண்டி. தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன பெரிய துரை பங்களாவை மட்டும் விற்கவில்லை. இரத்தினபுரிக் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் புரொக்டர் ஒருவர் அதைத் தட்டுமுட்டுச் சாமான்களோடு உத்தியோகக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவார். வருகிறவர்கள் போவார்கள், நானும் கம்பளமும் இருப்போம். துரை புறப்படும்போது என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "காப்பெட் பத்திரம்." நான் என்ன ஆவேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்பது அவர் வேலையும் இல்லை.

ஹால் முழுவதையும் மூடுகிற சிவப்புக் கம்பளம் அது. குடித்து மிஞ்சிய தேயிலைச் சக்கையைப் பிழிந்து, ஈரப்பதத்தோடு அதன் மேல் தூவி, மயிர் சாய்ந்த பக்கமாகவே கூட்ட வேண்டும். தூசி கிளம்பாது, நிறமும் மங்காது. அடியில் புகையிலைக் காம்பு வைப்பேன். ஓரங்களில், செல்லுக்கும் பூச்சிக்கும், துரை டப்பாவில் விட்டுப்போன வெள்ளைத் தூளைப் போடுவேன். அதைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று துரை சொல்லியிருந்தார். ஒரு நாளும் கழுவாமல் விட்டதில்லை.

வாடகைக்கு வந்தவர்களைப் பற்றிச் சொல்லி முடியாது. ஒருவர் சுருட்டுச் சாம்பலைக் கம்பளத்தில்தான் தட்டுவார். இன்னொருவர் அட்டை கடித்த காலோடு ஹாலில் நடந்து இரத்தம் சொட்ட விட்டார். துரைசானி மாதிரி வந்த ஒரு நோனாவின் நாய் பூப்போட்ட இடமாகப் பார்த்துக் காலைத் தூக்கியது. இவர்கள் யாருக்கும் நான் ஒரு தீங்கும் செய்யவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்து ஆட்கள் என்னைப் பங்களாக்காரன் என்பார்கள். பங்களாவுக்கு வருகிறவர்கள் என்னை லயத்தான் என்பார்கள். என் மனைவி சுப்பம்மா பிள்ளைப்பேற்றில் போய்ச் சேர்ந்த பிறகு, சமையற்கட்டுக்குப் பின்னால் உள்ள அறையில் நான் பேசியதை நானேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். தனிமை பொல்லாதது, ஐயா. பசித்திருந்தாலும் சோறு இறங்காது.

ஞானசேகரம் ஐயா போன வருஷம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நில அளவைக் கந்தோரில் வேலை, கல்யாணம் ஆகவில்லை. காடு அளந்துவிட்டு முழங்கால் வரை சேற்றோடு வந்தவர், வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார். நான் சொல்லவில்லை, அவராகவே கழற்றினார். உள்ளே வந்து கம்பளத்தைப் பார்த்துவிட்டு, "உந்தக் காப்பெட்டை எப்பிடியப்பா இவ்வளவு வடிவா வச்சிருக்கிறாய்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஒரு சாயங்காலம், கதிரைகள் எல்லாம் சும்மா கிடக்க, அவர் கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காய் நகர்த்தி ஆடுகிற டாம் பலகையை விரித்தார். நான் கதவோரம் நின்றேன்.

"ஏன் அங்க நிக்கிறாய்? வந்து இரன், ஒரு ஆட்டம் போடுவம்."

"வேணாங்கய்யா. நான் அதுல ஒக்காரக் கூடாதுங்க. தொரையோட காப்பெட்டு."

"துரை சீமையில. நீ வா."

அந்தக் கம்பளத்தை மண்டியிட்டுக் கூட்டியிருக்கிறேன், தோளில் சுமந்திருக்கிறேன். அதில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அதன் பிறகு மழை வந்தால் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் மழை நாளில் அவர் காட்டுக்குப் போகமாட்டார். நான் ஜெயித்தால், "கள்ளன், காயை மாத்திப்போட்டான்" என்று சிரிப்பார். பேப்பரை வாசித்துக் காட்டுவார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் தன் அக்கா சிவனேஸ்வரியைப் பற்றிச் சொல்வார். தாய் இறந்த பிறகு வளர்த்தது அந்த அக்காதானாம்.

புரட்டாசியில் அவர் கந்தோரிலிருந்து பாடிக்கொண்டே வந்தார்.

"பழனியாண்டி, மாற்றம் வந்திட்டுது! ஊருக்கே போட்டிட்டாங்கள். அக்கா பொம்பிளையும் பாத்து வச்சிருக்கிறா."

"நல்லதுங்கய்யா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவர் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். அந்தத் தூசி கம்பளத்தில் விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

அவரைக் கொல்ல நான் நினைக்கவில்லை. பயணம் கொஞ்சம் தள்ளிப்போனால் போதும் என்றுதான் நினைத்தேன். டப்பாவிலிருந்து எடுத்தது சிட்டிகையிலும் சிட்டிகை. கோப்பியில் போட்டேன். போட்டுவிட்டுக் கையைக் கழுவினேன். தோட்டத்து டாக்டர் வந்து பார்த்துக் காட்டுத் தண்ணீர் குடித்த வயிற்றுக்கடுப்பு என்றார். பயணம் கூடவே கூடாது என்றார். நானும் அதையேதான் சொன்னேன்.

பிறகு வந்த நாட்களைப் போல என் ஆயுளில் நாட்கள் இருந்ததில்லை. ஹாலில், கம்பளத்தின் நடுவிலேயே அவருக்குப் படுக்கை போட்டேன். கஞ்சி ஊட்டினேன், கால் பிடித்தேன், உடம்பு துடைத்தேன். கண் விழித்ததும் என்னைத்தான் தேடுவார். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் என்னோட வாவன். அக்கா ஒண்டும் சொல்லமாட்டா. இங்க ஆர் உனக்கு?" என்றார்.

நீங்கள் நிமிர்ந்து பார்ப்பது தெரிகிறது. போயிருக்கலாம்தானே என்கிறீர்கள். நானும் யோசித்தேன். டப்பாவைத் தொடாமல் இருந்தேன். அவரும் தேறினார். எழுந்து உட்கார்ந்தார், முகம் மழித்துக்கொண்டார். ஆனால் தேறத் தேற ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார். தபால்காரன் வந்தானா, அக்காவிடமிருந்து சேதி வந்ததா, இதே பேச்சு. டாம் விளையாடக் கூப்பிட்டால், பிறகு என்றார். ஊரில் அக்கா இருப்பார், பெண்டாட்டி வருவாள், சொந்தபந்தம் வாசலை நிறைக்கும். நான் அங்கேயும் கதவோரம் நிற்க வேண்டியதுதான். சீக்காக இருந்தபோது அவர் அப்படி இல்லை, ஐயா. அப்போது அவர் நல்ல மனுஷன்.

தம்பியைக் கூட்டிப்போக வருவதாக அந்த அம்மா தந்தி அடித்தார். அதை அவருக்கு எடுத்துக் கொடுத்ததே நான்தான். அன்றைக்கு மத்தியானம் அவரைக் கைத்தாங்கலாகப் பின்னறைக் கட்டிலுக்கு மாற்றினேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஹாலுக்கு வந்து கம்பளத்தைச் சுருட்டி, கயிறு கட்டி, சமையற்கட்டுப் பரண் மேல் ஏற்றினேன். கரி படக்கூடாது என்று மேலே பழைய சாக்கையும் போர்த்தினேன். அதற்குப் பிறகுதான் கோப்பி போட்டேன்.

இதைத்தான் நீங்கள் கேட்டீர்கள். கோப்பி போடும் முன்பே கம்பளத்தைச் சுருட்டினாய் என்றால், என்ன நடக்கும் என்று தெரிந்துதானே செய்தாய் என்று. கை பழகிப்போனது, ஐயா. அழுக்காகும் என்று தெரிந்தால் கை தானாகவே சுருட்டும். இந்தத் தடவை சிட்டிகை போதாது என்றும் கைக்குத்தான் தெரிந்திருக்கிறது. எப்படியானாலும் போட்டது நான். மறுக்கவில்லை.

அவர் கோப்பியைக் கையில் வாங்கி, "நல்ல சூடு" என்றார். முழுக்கக் குடித்தார். பொழுது சாய்கிற வரை வாந்தி. தட்டுத்தடுமாறி ஹால் வரைக்கும் வந்துவிட்டார். வெறும் சிமெந்துத் தரைதான், கழுவுவது சுலபமாக இருந்தது. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். "போகாத, பழனியாண்டி" என்றார். போகவில்லை.

அந்த அம்மா மறுநாள் காலை வந்து இறங்கினார். வந்தவருக்குத் தம்பி இல்லை. வெறுந்தரையில் உட்கார்ந்து நெடுநேரம் அழுதார். பிறகு என்னைப் பார்த்து, "ஆர் என்ர தம்பியப் பாத்தது?" என்றார்.

"நான்தாம்மா."

"கடைசி வரைக்கும் பக்கத்தில இருந்தனியே?"

"ஆமாங்கம்மா. மடியிலதான் உசுரு போச்சுங்க."

அவ்வளவு பெரிய வீட்டு அம்மா எழுந்து நின்று, என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா செத்தாப் பிறகு அவன இப்பிடி ஒருத்தரும் பாக்கேல்ல. நீ நல்லா இருக்கோணும்" என்றார்.

நீங்கள் அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கள், அது உங்கள் வேலை. தூளைப் பற்றிச் சொல்லுங்கள், கம்பளத்தைப் பற்றியும் சொல்லுங்கள். ஆனால் அவர் என்னைக் கும்பிட்டுச் சொன்னாரே, அதை மட்டும் பொய் என்று சொல்லிவிடாதீர்கள். ஞானசேகரம் ஐயாவை அப்படி யாரும் பார்த்ததில்லை என்பது சத்தியம்.