மூட்டைப்பூச்சி வண்டி

நகத்தால எல்லாம் வராதுங்க இது. தொட்டுப் பாக்குறீங்க பாருங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். காலைலேர்ந்து சுரண்டுறேன்... கட்டைவிரல் நகம்தான் வந்துச்சு, ஸ்டிக்கர் வரல. உடும்புப்பிடி. இந்தப் பக்கம் வாங்க, அங்க வெயில். எதிர் வீட்டுக்குப் புதுசா குடி வந்தவர்தானே? பாத்ததுமே நினைச்சேன். தலைய ஒரு மாதிரி ஆட்டுறீங்க, ஆமாவா இல்லையான்னு தெரியல, பரவாயில்ல. ஹெல்மெட்ட பானெட் மேலயே வைங்க. இதுக்கு மேல இந்த வண்டிக்கு என்ன வரப்போகுது.

ஒரு கை குடுங்களேன். இந்த டிரையரப் பிடிங்க. தலை காய வைக்கிறதுதான், எங்க அக்காவுது. சூடு காட்டினா பசை இளகும்னாங்க. இளகுது, இல்லேங்கல. ஆனா சாண் ஏறினா முழம் சறுக்குது. ஓரத்த மெல்லத் தூக்குவோம், முழுசா வரப்போகுதுன்னு ஆசையா இழுப்போம், பொட்டு அளவு பிஞ்சுக்கிட்டு கையோட வரும். அப்புறம் எண்ணெய், அப்புறம் பழைய ஏ.டி.எம். கார்டு... இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டுங்க. ஆங், அப்படியே.

ஏன் கேக்குறீங்க... சரி, நீங்க கேக்கல, நானே சொல்றேன். பூச்சி மருந்து அடிக்கிற கம்பெனி ஓட்டின வண்டிங்க இது. சல்லிசா வருதேன்னு வாங்கினேன். ஸ்டிக்கரப் பிரிச்சிட்டு ஓட்டுங்கன்னு வீட்டுக்காரி அன்னைக்கே தலப்பாடா அடிச்சுக்கிட்டா. ஓடுறது எஞ்சினா ஸ்டிக்கரான்னு நான் வாய் பேசினேன். இந்தக் கதவு பூரா ஒரே ஒரு மூட்டைப்பூச்சி படம், தலகாணி அளவு. அதுக்கு மேல 'உங்கள் வீட்டில் மூட்டைப்பூச்சியா?' ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா வெட்டி ஒட்டியிருக்கான் மகராசன். சிக்னல்ல நின்னா கண்ணாடியத் தட்டி, எலிக்கு என்ன வைக்கலாம்னு கேக்குறாங்க. முதல்ல கோவம் வந்துச்சு. இப்பல்லாம் நானே யோசனை சொல்லி அனுப்பிடுறேன்.

அது என் தலையெழுத்துன்னு விட்டுடலாம். வினை எங்க வந்துச்சுன்னா... போன மாசம் இதே வாசல்ல, அக்கா வீட்டு முன்னாடி நிறுத்தினேன். மாடி போர்ஷன் காலியா இருக்கு. அன்னைக்குப் பாத்து ஒரு குடும்பம் வீடு பாக்க வந்துச்சு. வண்டியப் பாத்தாங்க, வீட்டப் பாத்தாங்க, மறுபடி வண்டியப் பாத்தாங்க. அவ்வளவுதான், படியே ஏறல. நான் பின்னாடியே ஓடி, 'மூட்டைப்பூச்சி வண்டிலதாங்க, வீட்ல இல்ல'ங்கிறேன்... அவங்க நடை இன்னும் வேகமாச்சு.

அன்னையிலேர்ந்து அக்கா என்கூடப் பேசல. இந்த டிரையரக்கூட மாமாகிட்டதான் குடுத்து அனுப்பினா. எனக்கு இருக்கிறது ஒரே அக்காங்க. திட்டினா தாங்கிக்குவேன், சின்ன வயசுலேர்ந்து பழக்கம். இந்த மாதிரி வாயத் தச்சு வச்ச மாதிரி இருக்கா பாருங்க, அதுலதான் எனக்கு சோறு இறங்க மாட்டேங்குது. இன்னைக்கு சாயங்காலம் இன்னொருத்தர் வீடு பாக்க வர்றாராம். வேற தெருவுல நிறுத்தித் தொலைக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. நிறுத்தலாம். ஆனா அவ கண்ணு முன்னாடி பிரிச்சாத்தானே அவ மனசு இளகும்? பசை இளகுதோ இல்லையோ.

என்ன, மாடியையே பாக்குறீங்க? நல்ல வீடுங்க. காத்து பிச்சுக்கிட்டுப் போகும். ஒரு ஜன்னலும் முழுசா மூடாது, அதான். மூட்டைப்பூச்சி சத்தியமா கிடையாது. எலியா, பேச்சுக்கே இடமில்ல, அக்கா பூனை வச்சிருக்கா. எலி இல்லாத வீட்ல எதுக்குப் பூனைன்னு குதர்க்கமா கேக்கக்கூடாது. கரப்பான் ஒண்ணு ரெண்டு திரியும், பாவம், அதுவும் வயசானது. பழைய குடித்தனக்காரர் காலி பண்ணினதுகூடப் பூச்சியால இல்ல, எங்க அக்கா தொண்டையால. விடிகாலைல மோட்டாரப் போட்டுட்டு 'தண்ணி வருதா'ன்னு கீழேர்ந்து ஒரு குரல் விடுவா... மோட்டார் சத்தமே கேக்காது. இதெல்லாம் வர்றவர்கிட்ட சொல்லுவேனா? எனக்கென்ன பைத்தியமா? நீங்க எதிர் வீடு, நம்மாளு.

இருங்க, பூச்சி படம் வந்துடுச்சு, இன்னும் கடைசி எழுத்துதான்... வருது, வருது... வந்துடுச்சு. எண்ணெயத் துடைச்சிடுறேன். இப்பப் பாருங்க... என்னங்க இது? ஸ்டிக்கர் கையில இருக்கு, எழுத்து கதவுலயே இருக்கு? அடப்பாவி... வெயில்ல வண்டி பூரா வெளுத்துப்போச்சு, ஸ்டிக்கருக்கு அடியில மட்டும் சிவப்பு பளபளன்னு அப்படியே நிக்குது. முன்னாடியாவது அழுக்குல பாதி மறைஞ்சிருந்துச்சு. இப்ப தெருக்கோடிலேர்ந்து படிக்கலாம். பூச்சியோட மீசைகூடத் தெளிவாத் தெரியுது. இதுக்கு மேல வேற ஏதாவது ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிடலாமா? என்ன சொல்றீங்க? ஏங்க...

ஏங்க? அட, டிரையரத் திண்டுல வச்சிட்டுப் போயிட்டாரு. ஹெல்மெட்டும் காணோம். போறேன்னு ஒரு வார்த்தை...

என்னக்கா? இங்கதான் இருக்கேன். இல்லக்கா, எதிர் வீட்டுக்காரர்கூடப் பேசிக்கிட்டு... எதிர் வீடு பூட்டியே கிடக்கா? அப்ப டிரையரப் பிடிச்சுக்கிட்டு நின்னது... ஓ. சாயங்காலம்னுதானே மாமா சொன்னாரு? சீக்கிரமா வந்துட்டாரா? இப்பப் போன்ல என்ன சொன்னாரு, வேண்டாம்னா? மோட்டாரப் பத்தியா... ஆமா, ஏதோ பேச்சுவாக்குல... பூனையப் பத்தியும் சொன்னாரா.

இரு, இரு. அக்கா, ஒரு நிமிஷம். நீ இப்ப என்கிட்டதானே பேசுறே? மாமாகிட்ட இல்லியே?

சரி, திட்டு. அப்பா அம்மாவ மட்டும் இழுக்காதே, அவங்க உனக்கும்தான் அப்பா அம்மா. மத்தபடி வாய் நிறையத் திட்டுக்கா, கேட்டு ஒரு மாசமாச்சு. இதோ கை கழுவிட்டு உள்ள வர்றேன். பயங்கரமாப் பசிக்குது, சோறு போட்டுக்கிட்டே திட்டு.