சக்களத்தி ஊட்டிய பால்

என் பெயர் பலராபா. வயது முப்பத்தாறு. கட்சினா நகரில் சாயக்காரர் தெருவில் என் கணவர் தன்லாமியுடன் வசித்து வருகிறேன். வீட்டுக்குள்ளிருந்தே காராமணி வடை சுட்டு விற்கிறேன். குழந்தைக்கு விஷம் வைத்ததாக என் மாமியார் ஹாஜியா கந்தே கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்கப்பட்டு இதைச் சொல்கிறேன்.

என் கணவரின் இளைய மனைவி டேலு போன வாரம் வீட்டிலேயே ஆண் குழந்தை பெற்றாள். எனக்குப் பிள்ளை இல்லை. சந்தேகம் என் மேல் விழுந்தது அதனால்தான். தலைச்சன் என்பதால் டேலு பெரியவர்கள் எதிரில் அதைக் கொஞ்சவில்லை. தலைச்சனைப் பெற்றவள் கொஞ்சுவதும் பெயர் சொல்வதும் எங்களுக்குள் வெட்கக்கேடு; எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம் அது. இவளோ பால் கொடுக்கவே வெட்கப்பட்டாள். மாமியார் அந்த அறையை விட்டு நகர்வதே இல்லை. குழந்தை பசியில் கத்தியது. மாமியார் தொழப் போன நேரத்தில் ஏதாவது கொடுக்கும்படி டேலு என்னிடம் கெஞ்சினாள், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள். அதன் பிறகு மாடு மேய்க்கும் புலானி இனப் பால்காரியிடம் பசும்பால் வாங்கிக் காய்ச்சி, தினமும் என் அறையில் வைத்து ஊட்டினேன். குழந்தை என் மடியில் தூங்குவது எனக்குப் பிடித்திருந்தது.

இன்று பெயர் சூட்டும் நாள். ஆட்டை அறுத்து, ஜிப்ரில் என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு நான் பால் ஊட்டும்போது குழந்தையின் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன, உதடு நீலமானது. நான் போட்ட கூச்சலில் ஓடி வந்த மாமியார் பால் கிண்ணத்தைப் பார்த்துவிட்டார். கணவர் குழந்தையையும் டேலுவையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மாமியார் கிண்ணத்தோடு என்னை இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்து வந்தார்.

குழந்தை இருக்கிறதா போய்விட்டதா என்று யாரும் சொல்லவில்லை. ஊறவைத்த காராமணி புளித்துப்போகுமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேறெதையும் நினைக்கத் துணிவில்லை.

அதன் பிறகு குழந்தையை ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் விட்டுவிட்டுக் கணவரும் டேலுவும் இங்கே வந்தார்கள். விஷம் இல்லை என்று டாக்டர் சொன்னதாகக் கணவர் சொன்னார். வெயிலே படாமல் வீட்டுக்குள் இருந்த டேலுவுக்கே கால்சியம் என்கிற சுண்ணாம்புச் சத்து குறைவாம், அதனால் குழந்தைக்கும் குறைவாம். பசும்பாலில் உள்ள பாஸ்பரஸும் சேர்ந்து குழந்தையின் ரத்தத்தில் அதை இன்னும் இறக்கிவிட்டதாம். கால்சியம் மருந்தை நரம்பில் மெதுவாக ஏற்றியதும் இழுப்பு நின்று குழந்தை அழுததாம். எனக்குப் போன உயிர் திரும்பியது. சத்துக்கென்று கொடுத்த பால் சத்தைக் குறைத்த கதை மட்டும் இன்னும் விளங்கவில்லை.

மாமியார் விடவில்லை. பெற்றவளுக்குத் தெரியாமல் ஊட்டியவளுக்கு என்ன நல்ல எண்ணம் இருக்கும் என்று கேட்டார். டேலுவுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்போது டேலு முக்காட்டை விலக்கி மாமியார் முகத்தைப் பார்த்தாள்.

"ஜிப்ரில் நான் பெத்த புள்ள, அத்தை. வெக்கத்துல நாந்தான் பால் குடுக்கல. அக்காகிட்ட கெஞ்சினதும் நாந்தான்."

தலைச்சன் பெயரைப் பெற்றவள் வாயால் நான் கேட்டதே இல்லை. இதை எழுதும் கான்ஸ்டபிள்கூடத் தலை குனிந்துகொண்டார். மாமியார் பால் கிண்ணத்தை மேசை மேல் வைத்தார். பிறகு புகார் வேண்டாம் என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டு டேலுவிடம், "வெக்கத்த அப்புறம் பாத்துக்கலாம். போய்ப் பால் குடு" என்றார். என் பக்கம் திரும்பி, "நீயும் கூடப் போ. இவ கூசுவா. முன்னால நின்னு மறச்சுக்கோ" என்றார்.

எழுதியதை எங்கள் ஹவுசா மொழியில் படித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது நடந்தபடியே இருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை. அவர்கள் வாசலில் காத்திருப்பதால் இத்துடன் ரேகை வைக்கிறேன்.

(இடது பெருவிரல் ரேகை)
பலராபா