பள்ளத்தை மூடியதற்கு நோட்டீஸ்

காலை பஸ் எண்ணூரிலிருந்து ராயபுரத்துக்கு வந்துகொண்டிருந்தது. எனக்கு முன் சீட்டில் இருந்த மீன்காரம்மா, பக்கத்து வரிசைப் பெரியவரிடம் சொன்னாள்: "பள்ளத்த மூடிட்டோம்னு எங்க குப்பத்துக்கு நோட்டீசு வந்துகீது நைனா."

நான் பாடப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

"இன்னா பள்ளம்?"

"உப்பளத்தாண்ட போற ரோட்டுல. ஜட்காக்காரன் வரமாட்டேன்றான். இவளுக்கு ஒம்போதாம் மாசம்." பக்கத்திலிருந்த மகளைக் காட்டினாள். "குப்பமே சேந்து கிளிஞ்சலும் பாய்லர் சாம்பலும் கொட்டி மட்டம் பண்ணோம். சர்க்கார் பூமில கேக்காம கொட்டிட்டீங்க, ஏழு நாள்ல அள்ளிடுங்கன்றாங்க."

"அப்போ அவனே ரோடு போடறானா?"

"பூமி ஒரு ஆபீசுதாம், ரோடு இன்னொரு ஆபீசுதாம். யாரு துட்டு குடுக்கறதுன்னு காயிதம் எழுதிகினே கீறானுங்க."

"துப்பு கெட்டவனுங்க. அள்ளிட்டீங்களா?"

"அள்ளாம? நேத்து ஒரு ஆபீசரு வந்து பள்ளத்துல கோல வுட்டு அளந்தாரு. பழைய ஆழம் வந்துட்ச்சுன்னு கையெழுத்து போட்டுட்டு பூட்டாரு."

"பள்ளத்த பத்தரமா பாத்துக்கறாங்க தங்கச்சி. பொண்ணு எப்டி பஸ்ஸாண்ட வந்துச்சு?"

"நடந்துதான். ராயபுரத்துல என் அக்கா வூட்ல வுடறேன். பெத்துகினு புள்ளையோட வருவா."

மகள் சன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "நா வரமாட்டேன்மா. எம் வூட்டுக்காரர ராயபுரத்துலயே வேல தேடிக்க சொல்லு."