கிண்ணத்துக்கு அடியில

பிடிங்க பிடிங்க, கிண்ணத்தை மடியில வேணாம், உள்ளங்கையில வச்சுக்கங்க. விரலை மடக்காதீங்க, அதுக்கு மூச்சு முட்டிப்போயிடும். ம், இப்ப இந்தக் கட்டையால விளிம்பை ஒட்டியே சுத்துங்க. மெதுவாம்மா, சட்டியா தேய்க்கிறீங்க? ஆங், வந்துச்சா! எப்படிப் பாடுது பாருங்க! டிரைவரே திரும்பிப் பார்க்கிறாரு.

அசல்தாங்க, சந்தேகமே வேணாம். நானே பாத்திரக்கடைக்காரி. இருந்தும் முதல் கடையில ஏமாறப் பார்த்தேன். அங்க ஒரு கிண்ணம் அப்படி மினுமினுக்குது. தட்டினா டங்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், வாயை மூடிக்கிச்சு. திருப்பிப் பார்த்தா மெஷின்ல கடைஞ்ச கோடு, வட்டம் வட்டமா. கையால அடிச்சதுன்னு சத்தியம் பண்றான்! தம்பி, எங்கிட்டயேவான்னு சிரிச்சிட்டு வந்துட்டேன்.

எதுக்கு இவ்வளவு மெனக்கெடலா? மகளுக்குங்க. தியான வகுப்பு நடத்துறா, இந்த மாதிரிக் கிண்ணத்தைப் பாட வச்சுத்தான் வகுப்பை ஆரம்பிப்பாங்களாம். உனக்கு அசல் கிண்ணம் வாங்கிட்டு வரேன்டின்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினேன். போலியைக் கொண்டுபோனா ஒரே தட்டுல கண்டுபிடிச்சிடுவா. இதுக்காம்மா இத்தனை தூரம் போனே, உண்மையைச் சொல்லும்பா. எனக்குப் பொய்யே வராதுங்க, மூஞ்சி காட்டிக்கொடுத்துடும்.

தனியாவா? சேச்சே, துணைக்குப் பக்கத்துக் கடைத் தையல்காரர் வந்திருக்காரு. அது மகளுக்குத் தெரியாது, அதை விடுங்க. அதோ, முன்சீட்டுல, ஜன்னலோரம். சேர்ந்தாப்புல இடம் கிடைக்கலை. இந்தக் கிண்ணத்தைக் கண்டுபிடிச்சதே அவர்தான். பின்னாடி அலமாரியில கருத்துப்போய்க் கிடந்துச்சு. தடவிப் பாருங்க, சுத்தியல் அடி ஒவ்வொண்ணும் விரல்ல தட்டுப்படுதா? ஒரு தட்டுத் தட்டினாரு, சத்தம் வருது, வருது, நின்னபாடில்லை. நாங்க ரெண்டு பேரும் சின்னப்புள்ளைங்களாட்டம் சிரிக்கிறோம், கடைக்காரர் முழிக்கிறாரு.

ஐயோ, கவுக்காதீங்க! அடியைப் பார்க்காதீங்கன்னா... பார்த்துட்டீங்களா. போச்சு போங்க.

ஆமா, பேருதான், என் பேரும் அவர் பேரும். எல்லாம் இந்த வாயால வந்த வினை. எங்க கடைக்கு ஜோடியா யாரு வந்தாலும், ரெண்டு பேர் பேரையும் வெட்டிடலாமான்னுதான் முதல்ல கேப்பேன். அங்க அந்தக் கடைக்காரர் பேரு வெட்டித் தரவான்னு கேட்டதும், இருந்த சந்தோஷத்துல, ரெண்டு பேர் பேரையும் வெட்டுங்கன்னுட்டேன். மக பேரைச் சொல்லியிருக்க வேணாமா நான்? இவரும் பக்கத்துல நின்னு எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கிட்டிருக்காரு! பஸ் ஏறினப்புறம்தான் உறைச்சுது. இதை எந்த மூஞ்சியோட அவகிட்ட நீட்டுவேன்?

சிரிக்காதீங்க, எனக்கும் அடக்க முடியலை. அவங்க அப்பா போனதுலேர்ந்து என்னைக் கைக்குள்ளயே வச்சுப் பார்த்துக்கிறா. தங்கமான பொண்ணு. கத்துவா. அப்புறம் அழுவா. அதுக்குத்தான் பயமே.

என்ன எந்திரிச்சிட்டீங்க? அவருக்கு இடம் விடவா? நல்லா இருப்பீங்கம்மா. தோளைத் தொட்டுச் சொல்லுங்க, ஒரு காது கொஞ்சம் மந்தம். யாரு கூப்பிடறாங்கன்னு கேப்பாரு. பாத்திரக்கடையம்மான்னு சொல்லிடாதீங்க. உங்க வீட்டுக்காரம்மா கூப்பிடறாங்கன்னு சொல்லுங்க. நேத்துதான் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டோம், இன்னும் யாரும் அவர்கிட்ட அப்படிச் சொன்னதில்லை.