படலையைத் திறந்து விட்டது ஆர்?

வசந்தினி: ...உன்னைத் தவிர வேறை ஆர் அண்ணை? விடிய நாலு மணிக்கு எழும்பித் தொழிலுக்குப் போறவன் நீ. நேற்றுப் படலையைத் திறந்து போட்டிட்டுப் போனதும் நீதான். நாய் வந்து சட்டியை—

றோய்: கொளுவிப் போட்டுத்தான் போனனான் எண்டு எத்தினை தரமடி சொல்லுறது?

வசந்தினி: கொளுவின படலை தானாத் திறக்குமே? அவ்வளவு சூடை மீனும் நாயின்ரை வயித்துக்கை.

றோய்: டெங்கு உன்ரை உடம்பு முழுக்கத் திண்டுது, நாக்கை மட்டும் விட்டிட்டுது.

வசந்தினி: நேற்றுப் படலை. அதுக்கு முந்திப் போன். எல்லாத்துக்கும் உனக்கு ஒரே மறுமொழி. நானில்லை, நானில்லை.

றோய்: எந்தப் போன்?

வசந்தினி: எந்தப் போனோ? நல்லா நடிக்கிறாய்.

செபஸ்தியம்மா: என்ன பிள்ளையள் அங்கை இரைச்சல்?

வசந்தினி: ஒண்டுமில்லையம்மா. படலைக் கதை. நீங்கள் அறைக்கையே இருங்கோ.

செபஸ்தியம்மா: படலையை விடுங்கோ. நாய்தானே.

றோய்: கேட்டியே? அம்மாவே விடச் சொல்லுறா.

வசந்தினி: அவ செபமாலை சொல்லட்டும். நீ இஞ்சாலை வா, கதவடியை விட்டு. இந்தா நண்டுக் கொம்பனிக் கடிதம். வாசி.

றோய்: வெள்ளிக்கிழமை வந்த உடனை வாசிச்சனான்தானே.

வசந்தினி: திருப்பி வாசி. மெல்ல.

றோய்: ‘...புதன்கிழமை பிற்பகல் பன்னிரண்டு முப்பது மணியளவில், தாங்கள் இனி வேலைக்கு வரப்போவதில்லை எனத் தங்கள் வீட்டிலிருந்து தொலைபேசி மூலம் அறிவிக்கப்பட்டதால், தாங்களாகவே விலகிக்கொண்டதாகக் கருதப்படும். மறுப்பிருப்பின் எதிர்வரும் செவ்வாய்க்கிழமை நண்பகலுக்கு முன்...’

வசந்தினி: செவ்வாய் எண்டால் இண்டைக்கு. மத்தியானம் தாண்டினால் நாளைக்கு என்ரை மேசையிலை வேறை ஆள் நிண்டு நண்டு உடைக்கும். புதுப் பெட்டைக்குச் சப்பாத்துக்கும் அளவெடுத்தாச்சாம். கூட வேலை செய்யிற கமலாவதி சொன்னவள்.

றோய்: அதுக்குத்தான் சொல்லுறன், போய் ஆறுதலாக் கதை. ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டு. அப்பா செத்தது, எட்டாம் நாள் பூசை முடிய அடுத்த நாளே காய்ச்சல் அடிச்சது, எல்லாத்தையும் சொல்லு. கொஞ்சம் கண்ணைக் கசக்கு.

வசந்தினி: கண்ணை என்னத்துக்குக் கசக்க?

றோய்: தேப்பன் செத்த பிள்ளை அழுதால் ஆர் என்ன சொல்லப் போகினம்?

வசந்தினி: அப்பாவுக்கு அழுகிறதை அப்பாவுக்குத்தான் அழுவன். மனேச்சருக்கு அழமாட்டன்.

றோய்: உனக்கு வேலை வேணுமோ, வீம்பு வேணுமோ?

வசந்தினி: ரெண்டும் வேணும். ஒன்பது வருசம் அண்ணை. என்ரை தட்டிலை ஒரு நண்டு ஓட்டுத்துண்டு கிடந்ததெண்டு ஒருத்தரும் சொன்னதில்லை. என்னைக் கட்டினவன் விட்டிட்டுக் கொழும்புக்குப் போன அண்டைக்கும் நான் அந்த மேசையிலை நிண்டு உடைச்சனான். கூட நிண்டவளுக்கே தெரியாது.

றோய்: எனக்குத் தெரியும்... அண்டைக்கு நீ உடைச்சதும் நான் பிடிச்ச நண்டாத்தான் இருக்கும்.

வசந்தினி: ஓம், நீ பிடிச்ச நண்டுதான். அதாலைதானே பயப்பிடுறாய். நான் போய் வாய் காட்டினால் உன்ரை நண்டைத் திருப்பி அனுப்பிப் போடுவினம் எண்டு.

றோய்: அனுப்பினால் சந்தையிலை கொண்டு போய் வைப்பன். கடல் என்ன அவன்ரை அப்பன்ரையே? எனக்கு ஒருத்தருக்கும் பயமில்லை.

வசந்தினி: அப்ப வெளிக்கிடு. பனரையும் எடு.

றோய்: என்ன பனர்?

வசந்தினி: செத்தவீட்டுக்குக் கொம்பனி கொண்டு வந்து கட்டின பனர். ‘எமது ஊழியர் வசந்தினியின் அன்புத் தந்தை பிலிப்பு அவர்களின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள். முகாமைத்துவமும் ஊழியர்களும்.’ சொல்லாமல் கொள்ளாமல் நிண்டனான் எண்டு ஆரும் வாய் திறக்கட்டும், முகத்துக்கு நேரை விரிச்சுப் பிடிப்பன். தெரியாமலே கட்டினவை?

றோய்: அது...

வசந்தினி: என்ன அது? எங்கை பனர்?

றோய்: வள்ளத்து எஞ்சினுக்கு மேலை கிடக்கு.

வசந்தினி: அப்பாவைக் கொண்டு போய் எஞ்சினை மூடினனியே?

றோய்: மழையெல்லே பெய்தது. அவற்றை எஞ்சின்தானே, ஒண்டும் சொல்லமாட்டார்... முகம் நனையக் கூடாதெண்டு உள்பக்கமாத்தான் மடிச்சுப் போட்டனான்.

வசந்தினி: அப்ப வெளியிலை தெரியிறது என்ன?

றோய்: நண்டு. கொம்பனிக்காரர் போட்ட நண்டுப் படம் அப்பான்ரை முகத்தை விடப் பெரிசெல்லே.

வசந்தினி: ...என்னைச் சிரிக்க வைக்காதை. நான் கோவத்திலை நிக்கிறன்.

றோய்: தேத்தண்ணி குடிச்சிட்டுக் கோவி. நிறமே திரும்பேல்லை உனக்கு. ஓட்டோவிலை ஏறினாலே தலை சுத்தும்.

வசந்தினி: சுத்தட்டும். கதையை மாத்தாதை. நேராக் கேக்கிறன், நேராச் சொல்லு. நான் ஆஸ்பத்திரி வாட்டிலை கிடந்தனான். என்ரை போன் இஞ்சை வீட்டிலை கிடந்தது. கொம்பனியிலை இருந்து கோல் வந்திருக்கு. இனி வரமாட்டா எண்டு ஆரோ சொல்லியிருக்கு. ஆர்?

றோய்: சரி. நான்தான்.

வசந்தினி: என்ன நான்தான்?

றோய்: நான்தான் எடுத்தனான். ஏதோ கோவத்திலை சொல்லிப் போட்டன். இப்ப அதுக்கு என்ன செய்யச் சொல்லுறாய்?

வசந்தினி: எங்கை இருந்து கதைச்சனி?

றோய்: இந்தக் கதிரையிலை.

வசந்தினி: புதன்கிழமை?

றோய்: ஓமடி. புதன்கிழமை, மத்தியானம், பன்ரண்டரை. கடிதத்திலை இருக்கெல்லே.

வசந்தினி: புதன்கிழமை மத்தியானம் பன்ரண்டரைக்கு நீ என்ரை கட்டில் கரையிலை நிண்டு கஞ்சி பருக்கினனி. உப்பில்லையெண்டு நான் துப்ப, பக்கத்துக் கட்டில் மனிசி சிரிச்சது.

றோய்: அது... செவ்வாய்க்கிழமை.

வசந்தினி: செவ்வாய்க்கிழமை நீ கொண்டு வந்தது பாண். பொய் சொல்லவும் ஒரு கெட்டித்தனம் வேணும் அண்ணை.

றோய்: அப்ப... உனக்குத் தெரியும்.

வசந்தினி: கடிதம் வந்த அண்டே தெரியும். மாமியவை எல்லாரும் எட்டாம் நாளோடை தங்கடை வீடுகளுக்குப் போட்டினம். நீ என்னோடை. அந்த நேரம் இந்த வீட்டுக்கை இருந்தது ஒரே ஒரு ஆள்.

றோய்: மெல்ல.

வசந்தினி: மெல்லத்தான் சொல்லுறன்.

றோய்: தெரிஞ்சு கொண்டு என்னத்துக்கு நாலு நாளா என்னைப் பேசிறாய்?

வசந்தினி: நீ உன்ரை வாயாலை ஓமெண்டு சொல்ல வேணும். சொன்னால் உன்னைக் கூட்டிக்கொண்டு போய் மனேச்சருக்கு முன்னாலை நிப்பாட்டலாம். ‘இவன்தான் கதைச்சவன், என்ரை அண்ணை, முழு விசரன்’ எண்டு. அம்மாவின்ரை கதையே வராது.

றோய்: அது சரிவராது.

வசந்தினி: ஏன்? விசரன் எண்டால் குறைஞ்சு போடுவியோ?

றோய்: சொல்லிப் பாத்திட்டன்.

வசந்தினி: என்னத்தை?

றோய்: சனிக்கிழமை நண்டு குடுக்கப் போன கையோடை கொம்பனிக் கந்தோருக்கை ஏறினனான். போனிலை கதைச்சது நான், குடிவெறியிலை நிண்டனான், தங்கச்சிக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொன்னனான்.

வசந்தினி: எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை நீ.

றோய்: சொன்னால், உன்னை ஆர் போகச் சொன்னது எண்டு கத்துவாய்.

வசந்தினி: கத்தித்தான் இருப்பன்... பிறகு?

றோய்: கந்தோரிலை இருக்கிற பெடியன், லோஜன் எண்டு, ஒரு கொப்பியைத் திறந்தான். வாற போன், போற போன் எல்லாம் எழுதி வைக்கிறவையாம். ‘அண்ணை, எங்களோடை கதைச்சது ஒரு பொம்பிளை’ எண்டான். சொன்னதையும் சொன்னபடியே எழுதியிருக்கு.

வசந்தினி: என்னெண்டு?

றோய்: வேண்டாம் விடு.

வசந்தினி: சொல்லு அண்ணை.

றோய்: ‘என்ரை பிள்ளை இனி வரமாட்டாள். உங்கடை நண்டை நீங்களே உடைச்சுத் தின்னுங்கோ.’

வசந்தினி: ...

றோய்: சிரிக்காதை.

வசந்தினி: நான் சிரிக்கேல்லை.

றோய்: தோள் குலுங்குது.

வசந்தினி: ஐயோ அண்ணை... கொப்பியிலை அப்பிடியே எழுதியிருக்கே? கொம்பனிக் கொப்பியிலை?

றோய்: எழுத்தும் நல்ல வடிவு.

வசந்தினி: ஒன்பது வருசமா எனக்குச் சொல்ல வாய் வராத சொல்லு... சரி. அதுக்கு அவை என்ன செய்யச் சொல்லுகினம்?

றோய்: கதைச்ச ஆளே வந்து, தெரியாமல் சொல்லிப் போட்டன் எண்டு மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்து வைச்சால் யோசிப்பினமாம்.

வசந்தினி: அம்மாவோ? நடக்கிற காரியமே? புருசன் செத்தவள் முப்பத்தொரு நாள் கழியாமல் படலை தாண்டக் கூடாதெண்டு எட்டாம் நாள் பூசைக்கே வராமல் இருந்தவ.

றோய்: இண்டைக்கு இருபத்திநாலு. இன்னும் ஏழு நாள் கிடக்கு. கொம்பனி ஏழு நாள் பாத்துக்கொண்டு இராது.

வசந்தினி: அப்ப நான்தான் கதைச்சனான் எண்டு சொல்லுறன். காய்ச்சல் அலட்டல் எண்டு.

றோய்: வாட்டிலை கிடந்ததுக்குத் துண்டு வைச்சிருக்கிறாய். வாட்டிலை கிடந்தவள் வீட்டிலை கிடந்த போனிலை எப்பிடிக் கதைச்சவள்? ஒரு கையாலை துண்டு, மற்றக் கையாலை பொய். ரெண்டையும் ஒண்டாக் காட்டப் போறியோ?

வசந்தினி: ...உனக்கும் இடைக்கிடை மூளை வேலை செய்யுது.

றோய்: கடலிலை தனிய இருந்தால் எல்லாம் யோசிக்கலாம்.

வசந்தினி: சரி, பொய்யும் வேண்டாம். மெய்யோடை போறன். நான் விலகேல்லை. என்ரை வாயாலை நான் அப்பிடிச் சொல்லேல்லை. சொன்னது ஆரெண்டு கேக்க உங்களுக்கு உரிமையில்லை. என்ரை மேசையை விடுங்கோ. அவ்வளவுதான்.

றோய்: உள்ளை விடாட்டில்?

வசந்தினி: கேற்றிலை பனரைக் கட்டிப் போட்டு அதுக்குக் கீழை இருப்பன். போறவை வாறவை வாசிக்கட்டும். ஆழ்ந்த அனுதாபங்கள் எண்டு.

றோய்: மழை வந்தால்?

வசந்தினி: டெங்குக்கே எழும்பினவள், மழைக்கு ஓடுவனே?

றோய்: அம்மா கேட்டால் என்ன சொல்லுறது?

வசந்தினி: வேலைக்குப் போட்டாள் எண்டு சொல்லு. இவ்வளவும் தன்னாலை வந்ததெண்டு அவவுக்கு ஒரு நாளும் தெரியக் கூடாது. இப்பவே சோத்தைப் பிசைஞ்சு போட்டு அப்பிடியே வைக்கிறா.

றோய்: நான் சொல்லமாட்டன்.

வசந்தினி: அப்பா ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை நான்தானே அவவுக்குப் போன் பழக்கினனான். பச்சையை அமத்துங்கோ அம்மா, அப்பா கதைப்பார் எண்டு. ஒரு கிழமை எடுத்தது அந்தப் பச்சையைப் பிடிக்க. பழக்கினது...

றோய்: இஞ்சை பார். மனேச்சருக்கு அழமாட்டன் எண்டு சொன்னனி.

வசந்தினி: இது மனேச்சருக்கில்லை.

செபஸ்தியம்மா: எட றோய்.

றோய்: ...அம்மா? செபமாலை முடிஞ்சுதே?

செபஸ்தியம்மா: அது எப்பவோ முடிஞ்சுது.

வசந்தினி: என்னம்மா, கறுப்புச் சீலை மாத்தியிருக்கிறியள். ஆரும் வருகினமோ?

செபஸ்தியம்மா: ஆரும் வரேல்லை. ரெண்டு பேரும் மெல்ல மெல்ல எண்டு கத்துறியள். தெருமுனை வரைக்கும் கேக்கும்.

வசந்தினி: அது ஒண்டுமில்லையம்மா, கொம்பனியிலை ஒரு சின்னக் கையெழுத்து—

செபஸ்தியம்மா: நான் சொன்னதை எழுதி வைச்ச பெடியன், தான் கேட்டதையும் எழுதினவனோ?

றோய்: அவன் என்ன கேட்டவன்?

செபஸ்தியம்மா: ‘அப்பன் செத்தது முடிஞ்சுது, இப்பக் காய்ச்சலோ, அடுத்தது ஆரைச் சாக்காட்டப் போறியள்’ எண்டு கேட்டவன். இவளுக்கு இரத்தம் இறங்கிக்கொண்டு போகுதெண்டு நீ காலமை வந்து சொல்லிப் போட்டுப் போனனி. நான் உங்கடை அப்பான்ரை படத்துக்கு முன்னாலை போனோடை நிக்கிறன்... வேறை என்னத்தைச் சொல்ல அவனுக்கு?

வசந்தினி: ...ஏனம்மா எங்களுக்குச் சொல்லேல்லை?

செபஸ்தியம்மா: நீங்கள் எனக்குச் சொன்னியளே?

றோய்: சரியம்மா, நாங்கள் பாத்துக்கொள்ளுறம். நீங்கள் இருங்கோ. முப்பத்தொண்டு கழியாமல் வெளிக்கிட்டால் சனம் என்ன சொல்லும்?

வசந்தினி: ஓமம்மா. இருபத்திநாலு நாள் பொறுத்தனீங்கள். எனக்காகப் படலையைத் தாண்ட வேண்டாம்.

செபஸ்தியம்மா: படலையை நான் நேற்று விடியவே தாண்டிட்டன் பிள்ளை. இவன் தொழிலுக்குப் போனாப் பிறகு, நீ நித்திரையாக் கிடக்கேக்கை. கொம்பனிக் கேற் வரைக்கும் நடந்தனான். காவல் நிக்கிற கனிசியஸ், பெரியவர் செவ்வாய்க்கிழமைதான் இருப்பார், மகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு திருப்பி அனுப்பினவன். வந்த களையிலை படலையைக் கொளுவ மறந்து போனன். நாய் சூடையைத் திண்டதுக்கு இனி அண்ணையைப் பேசாதை... மன்னிப்புக் கேக்க நான் வரேல்லை. அவன் கேட்ட கேள்வியையும் அந்தக் கொப்பியிலை, என்ரை சொல்லுக்கு மேலை, அதே வடிவான எழுத்திலை எழுதுவிக்க வேணும். எழுதினாப் பிறகு கீழை கையெழுத்து வைக்கிறன். எழும்புங்கோ, மத்தியானம் ஆகப் போகுது. எஞ்சினுக்கு மேலை கிடக்கிற அந்த மனிசனையும் எடுங்கோ, கூட வரட்டும்.