ஒத்தையில் ஆடும் விளையாட்டுகள்

சேலை எடுக்கப் போனால் எனக்குத் தலை சுற்றிவிடும். கடைக்காரர் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் போட்டுக்கொண்டே இருப்பார். எதைப் பார்ப்பது, எதை விடுவது? வேண்டாததை முதலில் மடித்து அந்தப் பக்கம் வையுங்கள், மிச்சத்தில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவேன். என் புத்தியே அப்படித்தான், இன்ஸ்பெக்டர் அம்மா. அதில் தப்பு இருப்பதாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் சொன்னால் போதும் என்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பித்தால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. என் தம்பி காளீஸ்வரனுடைய கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டுக் கடை இருந்தது. அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நாலுவழிச் சாலையில் பைக்கில் வந்தபோது அடிபட்டு, காளிக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. அதற்கப்புறம் கழுத்துக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. வலது கையில் மணிக்கட்டும் கட்டைவிரலும் மட்டும் கொஞ்சம் அசையும். அம்மா முந்தியே போய்விட்டாள். அப்பாவால் அவனை அந்தக் கோலத்தில் பார்த்துக்கொண்டு அதிக காலம் இருக்க முடியவில்லை. மிச்சம் இருந்தது அவனும் நானும். கடம்பூர் ரோட்டில் எங்களுக்குக் கரிசல் காடு இருக்கிறது, சித்தப்பா கருத்தையா பயிர் வைக்கிறார், சாப்பாட்டுக்குக் குறையில்லை. குறையெல்லாம் தூக்கத்துக்குத்தான். புண் வராமலிருக்க அவனைப் புரட்டிப் படுக்க வைக்கவேண்டும், சிறுநீர்க் குழாயைக் கவனிக்கவேண்டும், நெஞ்சில் சளி கட்டினால் வயிற்றை அழுத்திப் பிடித்து இருமவைக்கவேண்டும். தானாக இருமுகிற அளவுக்கு அவனுக்கு மூச்சு கிடையாது. கத்தவேண்டும் என்றாலும் அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைச் சேர்த்துக்கொண்டுதான் கத்தவேண்டும்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அவனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பிறகு யாரும் வரவில்லை. அலுப்பு என்றால் உங்கள் வேலையிலும் இருக்கும். என்னுடையது வேறு மாதிரி. சோற்றுப் பானையை இறக்கிவைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தால், எழுந்திருக்க வேண்டுமே என்று அழுகை வரும்.

பொழுது போகவேண்டுமே என்று ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கம்ப்யூட்டரில் விளையாட்டு பழக்கிக்கொடுத்தார்கள். கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி ஒரு பெட்டி, கட்டிலோடு சேர்த்துக் கட்டியது. விளையாடுவது அவன்தான். ஆனால் புது விளையாட்டு வாங்கக் கடைக்குள் போனால் மவுஸைப் பிடிப்பது நான். கடை என்றால் திரையில் தெரிகிற கடைதான். விளையாட்டுக்கு ஒரு படம் போட்டு அட்டை அட்டையாக, எத்தனை ஆயிரமோ. உடுத்தியும் உடுத்தாமலும் பெண்கள் நிற்பார்கள். அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? "கீழ தள்ளுக்கா, கீழ தள்ளு" என்று கண்ணை மூடிக்கொள்வான்.

எந்த வகை வேண்டாமோ அதைச் சொல்லிவைத்தால் கடை அதைக் காட்டாது என்று நானே தேடிக் கண்டுபிடித்தேன். அந்தப் பெண்களை முதலில் ஒதுக்கினேன். அப்புறம் பேய், ரத்தம். அப்புறம் பைக் ரேஸ். அது இருந்துவிட்டுப் போகட்டும் என்றான் காளி. எதற்கு வீணாக என்று அதையும் எடுத்தேன். மதியம் அவனுக்குச் சோறு ஊட்டிவிட்டு, அவன் கண்ணயர்ந்த நேரத்தில் ஒவ்வொரு அட்டையாகப் பார்த்து "வேண்டாம்" என்பதை அழுத்திக்கொண்டே இருப்பேன். உளுந்தில் கல் பொறுக்குகிற மாதிரி மனதுக்கு நிம்மதியான வேலை. எனக்கென்று இருந்த ஓய்வு அது ஒன்றுதான்.

இதிலெல்லாம் குற்றம் இல்லை என்று உங்கள் முகமே சொல்கிறது.

காளி ஆசையாக ஆடியது ஒரு விவசாய விளையாட்டு. கரிசல்காட்டுச் சம்சாரி மகன் திரையில் போய் உழுதான். அங்கே கேட்ட நேரத்துக்கு மழை பெய்யும், போட்டதெல்லாம் விளையும். சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, "ஏலே, அந்த மழைல கொஞ்சத்த நம்ம காட்டுப் பக்கம் திருப்பிவிடக்கூடாதா" என்று கேட்டுச் சிரித்தார். அந்த விளையாட்டை இரண்டுபேர் சேர்ந்து ஆடலாம். அதில்தான் வனிதா வந்தாள்.

வனிதாவுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம். அவளுக்கும் முதுகில் அடிபட்டு, சக்கர நாற்காலிதான். அவளைப் போன்றவர்கள் சேர்ந்து தங்கி, கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற ஒரு இல்லத்தில் இருந்தாள். நேரில் பார்க்காமல், குரலைக் கேட்டே இரண்டுபேரும் சிநேகிதமானார்கள். தக்காளி நட்டாயா, மாட்டைக் கட்டினாயா என்று ஆரம்பித்து, நாள் முழுக்கச் சிரிப்பு. அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சத்தம் தாங்காமல் நான்தான் காதுக்கு மாட்டுகிற பெரிய ஹெட்போனை வாங்கிக் கொடுத்தேன். அதை மாட்டிவிட்டால் வெளிச்சத்தம் எதுவும் கேட்காது, நாம் கூப்பிட்டாலும் கேட்காது.

ஐப்பசி மழை நேரத்தில் ஒருநாள் காளி சொன்னான். "அக்கா, அங்கன எனக்கும் ஒரு எடம் இருக்காம். வேலையும் தருவாவளாம். தை பொறந்ததும் போயிருந்து பாக்கேன். நீயும் எத்தன நாளைக்குத்தான் எங்கூடக் கெடந்து சீரழிவ? நல்லாத் தூங்குக்கா."

நான் சரி என்றேன். அடுப்படிக்குப் போனேன். அரிசிப் பானையில் படியை விட்டேன். ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

ஓய்வு வேண்டும் என்று நான் யாரிடம்தான் சொல்லிப் புலம்பவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் மதினி தினமும் என்ன சொல்லுவார்? "உமாராணி மாதிரி அக்கா கெடைக்கக் கொடுத்துல்லா வச்சிருக்கணும்." கோவில் கொடையில் முளைப்பாரி எடுத்தால் பெண்கள் எனக்கு வழிவிட்டு நிற்பார்கள். அவன் போய்விட்டால் நான் யார்? கல்யாணம் ஆகாத ஒரு பொம்பளை, அவ்வளவுதான். இதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. இப்போது நீங்கள் கேட்பதால் யோசிக்கிறேன். அன்றைக்கு நினைத்ததெல்லாம் அவனைப் பற்றித்தான். வேற்றாளுக்கு அவனை எந்தப் பக்கம் புரட்ட வேண்டும் என்று தெரியுமா?

அதனால் கடையில் இன்னொரு வகையையும் ஒதுக்கினேன். பலர் சேர்ந்து ஆடுகிற விளையாட்டு. இன்னொரு மனிதக் குரல் உள்ளே வரக்கூடிய எதுவும் அவன் கண்ணில் படாமல் செய்தேன். விவசாய விளையாட்டையும் எடுத்துவிட்டு, கம்பெனிக்காரன் அதை நிறுத்திவிட்டான் என்றேன். வனிதா பெயரை அவனுடைய சிநேகிதர் வரிசையிலிருந்து எடுத்தேன். போன் எப்போதும் என் கையில்தான், அதில் அவள் நம்பரையும் தடுத்துவைத்தேன். நம்பரை மாற்றிவிட்டாள் போல என்று அவனிடம் சொன்னேன்.

அவன் அவளைத் தேடச் சொன்னான். நானும் அவன் முன்னாலேயே தேடினேன். கடையை மேலும் கீழும் தள்ளிக் காட்டினேன்.

"என்னக்கா, கடையே சின்னதாப் போச்சு? பாக்கதெல்லாம் ஒத்தையில ஆடுறதாவே இருக்கு."

"இப்பம் அப்படித்தான்ல வருதாம்."

அவன் நம்பினான். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அன்றைக்கு அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். இரண்டு வாய் வாங்கிவிட்டுப் போதும் என்றான்.

வனிதா விடுகிற மாதிரி இல்லை. புதுப்புது நம்பரிலிருந்து போன் வந்தது. கடைசியில், நானே வந்து கூட்டிப் போகிறேன் அக்கா என்று எழுதியிருந்தாள். அப்போதுதான் அந்தப் போஸ்டரைத் தயார் செய்தேன். நம் பக்கத்தில் ஒரு உயிர் போனால் உடனே கண்ணீர் அஞ்சலி அடித்துவிடுகிறோமே, அதற்குப் போனிலேயே மாதிரி தயாராகக் கிடைக்கிறது. இரண்டு பக்கமும் விளக்கு, நடுவில் படம். அவன் காலேஜில் எடுத்த படத்தை வைத்து, முந்தின நாள் தேதியைப் போட்டு, அவள் ஒருத்திக்கு மட்டும் அனுப்பினேன். குரலோடு பழகியவள், அழுகிற மாதிரி நாலு பொம்மை அனுப்பிவிட்டு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அந்த இடத்தில்தான் கணக்குத் தப்பிவிட்டது. செத்த வீட்டுக்கு நேரில் வந்து துட்டி கேட்காவிட்டால் மனசு ஆறாது என்பது கோயம்புத்தூர்க்காரிக்கும் உண்டு என்பதை மறந்துபோனேன்.

ஒரு வாரம் சத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. கோவில்பட்டி ஸ்டேஷனில் இறங்கிவிட்டோம், ஆட்டோ பிடித்து வருகிறோம் என்றாள்.

ஊரில் ஆள் இல்லை. எல்லோரும் உளுந்துக்குக் களையெடுக்கப் போயிருந்தார்கள். அப்பா படத்தில் கிடந்த சந்தன மாலையைக் கழற்றி, காளி படத்துக்குப் போட்டு, முன்னறையில் வைத்து விளக்கேற்றினேன். உள்ளே போய் அவனுக்குப் புது விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்து, ஹெட்போனை மாட்டினேன்.

"இன்னைக்கு என்னக்கா, கேக்காமலே வாங்கிட்ட?" என்று சிரித்தான். நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

வனிதாவை முத்துசெல்வம் என்கிற, அவர்கள் இல்லத்துக்குப் புதிதாக வந்த பையன் நாற்காலியோடு தூக்கிப் படியேற்றினான். கையில் ஒரு ரோஜா மாலை. ரயிலில் அத்தனை தூரம் உட்கார்ந்து வந்ததில் அவள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தாள். அப்படியே இருந்தால் இடுப்பில் புண் வந்துவிடும் என்று நான்தான் அவளைத் தூக்கி, மெத்தையைச் சரிபண்ணி உட்காரவைத்தேன். அதற்கே அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எனக்கு அவரு கொரலு மட்டுந்தானுங்க அக்கா தெரியும். மொகத்த நீங்க அனுப்புன போஸ்டர்லதான் மொதல்ல பாத்தேன்" என்றாள்.

எனக்கும் அழுகை வந்தது. பொய்யாக அழவில்லை அம்மா. மாலை போட்ட படத்தைப் பார்த்தால் யாருக்கும் வரும்.

அப்போது கரண்டு போனது. எங்கள் ஊரில் அது ஒரு செய்தியே இல்லை. காற்றாடி நின்றது. உள்ளே கம்ப்யூட்டருக்கு வைத்திருந்த பேட்டரி கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அது பழைய பேட்டரி, அதிக நேரம் தாங்காது. கம்ப்யூட்டர் நின்றால் ஹெட்போனிலும் சத்தம் நின்றுவிடும். ஆட்டோக்காரர் காத்திருக்கிறார், ரயிலுக்கு நேரமாகிவிடும் என்று சொல்லி அவர்களைக் கிளப்பினேன். துட்டி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது அல்லவா, அவளும் சொல்லாமல் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். நாற்காலி வாசலைத் தாண்டும்போது உள்ளே பேட்டரி நின்றது. நான் உள்ளே போனேன்.

அவன் தலையைக் கட்டிலில் தேய்த்துத் தேய்த்து ஹெட்போனைக் கழற்றியிருந்தான். "யாருக்கா வந்திருக்கா? பொம்பளப்புள்ள அழுத மாதிரி கேட்டுச்சு."

"யாருமில்லல. நீ படு."

வாசலில் வனிதா ஆட்டோக்காரரிடம், பார்த்துத் தூக்குங்க அண்ணா என்றாள். அவன் முகத்தை அப்போது நான் பார்த்தேன். எத்தனை வருஷமாகக் குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டிவிட்ட முகம். எனக்காக ஒருநாளாவது அப்படி மலர்ந்திருக்கிறதா? அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

"அக்கா, வனிதா" என்று மெதுவாகச் சொன்னான். அப்புறம் கத்துவதற்குக் காற்றைச் சேர்க்க ஆரம்பித்தான்.

நான் அவன் வாயைப் பொத்தினேன். வாயைத்தான் பொத்தினேன். எனக்குக் காட்டுவேலை பார்த்த கை, பெரிய கை. மூக்கும் அதற்குள் வந்துவிட்டது. அவர்கள் ஆட்டோவில் ஏறிப் போகிறவரைக்கும்தான் என்று நினைத்தேன். ஜன்னல் வழியே பார்த்தால், அந்தப் பையனுக்கு நாற்காலியை மடக்கத் தெரியவில்லை. ஒரு பக்கம் மடக்கினால் இன்னொரு பக்கம் விரிகிறது. எவ்வளவு நேரம், அம்மா? பழக்கமில்லாத ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தால் இப்படித்தான். அவர்கள் கொஞ்சம் சுருக்கக் கிளம்பியிருந்தால் என் தம்பி இருந்திருப்பான். அவன் கண் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டைவிரல் மட்டும் அந்தப் பெட்டியை அழுத்திக்கொண்டே இருந்தது. ஆட்டோ ரோட்டில் ஏறின சத்தம் கேட்டதும் கையை எடுத்தேன்.

அப்புறம் வயிற்றை அழுத்திப் பார்த்தேன். இருமவைக்கிற மாதிரிதான், பழகின கைதானே. ஒன்றும் ஆகவில்லை. அவனைத் துடைத்து, வேட்டி மாற்றி, அப்பா மாலையை அப்பாவுக்கே போட்டுவிட்டு, ரோஜா மாலையைக் கொண்டுபோய் எருக்குழியில் போட்டேன். பொழுது சாய்ந்து பாண்டியம்மாள் மதினி காட்டிலிருந்து வந்ததும் போய்ச் சொன்னேன். நெஞ்சுச் சளிதான் என்றார்கள் எல்லோரும். மதினி என்னைக் கட்டிக்கொண்டு, "இனியாவது படுத்து ஒறங்கு தாயி" என்றார். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைத் தேதியைப் போட்டு, பஸ் ஸ்டாப்பில் பெரிய ஃபிளக்ஸ் வைத்தார். வனிதாவை ஏற்றிவந்த ஆட்டோக்காரர் மறுநாள் அந்த வழியாகப் போயிருக்கிறார். நாம் துட்டிக்கு ஆள் இறக்கிவிட்ட அன்றைக்குத்தானே இந்தப் பிள்ளை செத்திருக்கிறது என்று, சவாரிக்கு அவள் கொடுத்திருந்த நம்பருக்குப் போன் செய்துவிட்டார். அதனால்தான் நீங்கள் நான் அனுப்பிய போஸ்டரையும் சித்தப்பா வைத்த ஃபிளக்ஸின் படத்தையும் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நான் எதையும் மறுக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், களைத்துப்போய்விட்டேன். ஒன்றை மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணிடம் நான் பொய் சொன்னதாகப் போட்டிருக்கிறீர்கள். பொய் சொல்லவில்லை அம்மா. ஒரு வாரம் முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.