பூவு கால் வச்ச வள்ளம்

ரொம்பக் காலத்துக்கு முன்ன, நம்ம அலந்துறைக் கரையில இஞ்ஞாசின்னு ஒரு வள்ளக்காரர் இருந்தாராம். கோவம்னா மூக்கு நுனியில இருக்குமாம். பொண்டாட்டி ஞானப்பூகிட்ட மட்டும் அந்தக் கோவம் செல்லாதாம்.

ஞானப்பூவுக்கு ஒரு காலு வீங்கி, உரலு கணக்கா இருக்கும். "தெனமும் உப்புத்தண்ணியில ஊற வையி, வலி அடங்கும்"னுட்டாரு வைத்தியர். எதுல ஊற வைக்க? பானையில வச்சாவ, நுழையல. அண்டாவுல வச்சாவ, நுழையல. அப்ப பங்குனி வெயிலு. மீன்பாடு இல்லாம வள்ளமெல்லாம் கரையேறிக் காயுது. இஞ்ஞாசி பாத்தாரு. கடல்தண்ணியக் கோரிட்டு வந்து தன் வள்ளத்துக்குள்ள ஊத்துனாரு.

"ஏறி உக்காரு, பூவு."

"பொம்பள காலு பட்டா வள்ளத்துல மீனு ஏறாதும்பாவளே. ஊரு என்ன சொல்லும்?"

"ஊருக்கா கால் வலிக்கி? ஏறுட்டீ."

மொதல்ல ஊத்துன தண்ணி பூரா பலக இடுக்கு வழியா மணலுக்கு ஓடிட்டுதாம். ஊத்துனாரு, ஓடிச்சு. ஊத்துனாரு, ஓடிச்சு. பெறவு பலக ஊறிப் பருத்து, ஒண்ணையொண்ணு நெருக்கிக்கிட்டு, தண்ணி நின்னுச்சாம். பூவு கால நீட்டி உக்காந்து வெத்தல போடுவா. பாவம், அந்த நேரந்தான் அவளுக்கு வலி தெரியாத நேரம்.

ஊரு சும்மா இருக்குமா? பக்கத்து வள்ளக்காரர் ராயப்பன் சொல்லிட்டாரு: "இனி இஞ்ஞாசி வள்ளத்துல எவனும் துடுப்புப் போடக் கூடாது." அவரு சொன்னா ஊரு கேக்கும். ஆளில்லாம ஒத்த மனுசன் எப்படித் தொழிலுக்குப் போவ? குடும்பம் எதக் குடிக்கும்?

"நான் எறங்கிருதேன்"னு அழுதாளாம் பூவு.

"பேசாம உக்காரு"ன்னு இன்னொரு குடம் ஊத்துனாராம் இஞ்ஞாசி.

அப்படியிருக்க ஒரு மத்தியானம். காத்து இல்ல, மேகம் இல்ல. கடலு மட்டும் அப்படியே வீங்கி வந்துச்சாம். கள்ளக்கடல்னு சொல்லுவாவ. தண்ணி வத்தியிருக்கப்ப பாறைக்கு நடந்துபோயி சிப்பி எடுத்துட்டிருந்த பொம்பளையெல்லாம் அங்கேயே மாட்டிக்கிட்டாவ. ராயப்பன் பொண்டாட்டி மதலேனும் அதுல ஒருத்தி.

ராயப்பன் வள்ளத்தத் தள்ளுனாரு. வெயில்ல காஞ்ச பலக, இடுக்கெல்லாம் வாயப் பொளந்து கெடக்கு. முழங்கால் தண்ணியிலேயே முங்கிட்டுது. அடுத்த வள்ளமும் முங்கிட்டுது. மீனு வந்தா வள்ளத்துல தண்ணி ஊத்தி ஊறப்போடலாம்னு எல்லாரும் விட்டுட்டாவ பாத்துக்கிடுங்க. பாறையில தண்ணி இடுப்புக்கு வந்துட்டு.

பூவு வள்ளத்துல இருந்தே கூப்பிட்டாளாம். "உள்ள ஊத்துன தண்ணி வெளிய போவல. வெளிய உள்ளது மட்டும் எப்படி உள்ள வரும்? இதக் கொண்டு போங்க."

தண்ணிய எறைச்சாவ. இஞ்ஞாசி ராயப்பனப் பாத்தாரு. "ஏறுமே வே." ராயப்பன்தான் மொதல்ல ஏறுனாரு.

அத்தன பொம்பளையளையும் கொண்டு வந்துட்டாவ. பொம்பள கால் பட்டாலே ஆவாத வள்ளத்துல, முழுக்கப் பொம்பளையளா வந்து எறங்குனாவ.

மறுநாளு ராயப்பன் பூவு முன்னால வந்து நின்னாராம். கையில குடம். "தங்கச்சி, என் வள்ளத்துலயும் தண்ணி ஊத்தியிருக்கேன். ஒரு வாட்டி கால் வச்சிட்டுப் போ."

அதான் மக்கா, இன்னைக்கும் நம்ம கரையில வள்ளத்த ஊறப்போட்டா, வீட்டுப் பொம்பள ஏறி, தண்ணியில கால வச்சு, ஒரு வெத்தல போட்டுட்டுத்தான் எறங்குவா. 'பூவு வைக்கது'ன்னு அதுக்குப் பேரு. ஞானப்பூ கால் வீக்கம் கடைசி வரைக்கும் வத்தலையாம். இஞ்ஞாசியும் கடைசி வரைக்கும் தண்ணி ஊத்துனாராம்.